கமிஷனில் பாதி கேட்கும் சித்தப்பாவும் சில கேள்விகளும்

வந்த கடிதங்களில் பாதி இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுப்பது பற்றியவை. 23 வருடம் அந்த வேலையில் வெயிலில் அலைந்தவன் என்பதால் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார் ஆசிரியர்.

கேள்வி: தனியார் பள்ளியில் 11,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன், வயது 38. கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருக்கிறார். ஏஜென்டுகளைச் சேர்க்கும் இன்சூரன்ஸ் டெவலப்மென்ட் ஆபீசர் ஒருவர், ‘உங்களுக்கு ஆள் பழக்கம் நிறைய இருக்கு மேடம், ஏஜென்சி எடுங்க, மாசம் 50,000 வரும்’ என்கிறார். பள்ளி வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, திருச்சி

விடாதீர்கள், இப்போதைக்கு.

அந்த 50,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வருடம் 24,000 ரூபாய் பிரீமியம் வரும் எண்டோமென்ட் பாலிசி (காலம் முடிந்தால் பணம் திரும்ப வரும் பாலிசி) ஒன்று போடுகிறீர்கள், முதல் வருடக் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 6,000 ரூபாய். அப்படி மாதம் எட்டு பாலிசி போட்டால்தான் ஐம்பதை எட்டிப் பார்க்கலாம், அதாவது வருடத்துக்கு நூறு. உங்கள் போனை எடுத்து, கேட்டவுடன் 24,000 கட்டக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எனக்கு முதல் மூன்று மாதம் அக்கா, மச்சான், பள்ளித் தோழர்கள் என்று வண்டி நன்றாகவே ஓடியது, நான்காவது மாதம் ஒரு பாலிசிகூட இல்லை. சொந்தக்காரர்கள் பட்டியல் தீர்ந்த அன்றுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. ‘உங்களுக்காகப் போடறேன்’ என்று போட்டவர்கள் அடுத்த வருடம் பிரீமியம் கட்டாமல் லாப்ஸ் ஆக்குவார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு இருப்பது ரெனியூவலில். அதே பாலிசிக்கு அடுத்தடுத்த வருடங்களில் 7.5 சதவீதம் என்றால் 1,800 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் ஐந்து வருடத்தில் 150 பாலிசி உயிரோடு நின்றால், புதிதாக ஒன்றுகூடப் போடாமல் வருடம் 2,70,000 ரூபாய். (இந்தச் சதவீதமெல்லாம் கம்பெனிக்கும் பாலிசிக்கும் தக்கபடி மாறும், இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசியில் பிரீமியமே குறைவு என்பதால் கையில் நிற்பதும் குறைவு.) அதனால் இரண்டு வருடம் வேறு வருமானம் இல்லாமல் தாங்க முடியாது என்றால் பள்ளியிலேயே இருந்துகொண்டு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏஜென்சி பாருங்கள், ரெனியூவல் உங்கள் சம்பளத்தைத் தொடும்போது யோசிக்கலாம்.

எல்ஐசியின் பீமா சகி திட்டத்தையும் விசாரியுங்கள். 2024 டிசம்பரில் ஆரம்பித்தது, பெண்களுக்கு மட்டும், பத்தாம் வகுப்பு போதும். முதல் வருடம் மாதம் 7,000, அடுத்து 6,000, மூன்றாம் வருடம் 5,000 ரூபாய் உதவித்தொகை, கமிஷன் தனி. சும்மா தர மாட்டார்கள், முதல் வருடத்தில் 24 பாலிசியாவது போட வேண்டும், போட்டதில் 65 சதவீதம் லாப்ஸ் ஆகாமல் இருந்தால்தான் இரண்டாம் வருடத் தொகை வரும். அந்த 65 சதவீத நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே எல்ஐசியில் ஏஜென்டாகவோ ஊழியராகவோ இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் இதில் சேர முடியாது.

இன்னொன்று, பணிமனைக்குள் உங்கள் கணவர் பாலிசி பிடித்துத் தருவார் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். குடும்பத்தார் நடத்தும் இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி தவறு. நீங்கள் போய்ப் பேசுங்கள், அவர் பேச வேண்டாம்.

கேள்வி: ஏஜென்ட் ஆவதற்கான தேர்வு கஷ்டமாக இருக்குமா? நான் பத்தாவதோடு நிறுத்தியவன்.
- வாசகர், திண்டுக்கல்

18 வயது, பத்தாம் வகுப்பு, இரண்டும் இருந்தால் போதும். ஐசி-38 என்று பெயர், கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம், 50 கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் பாஸ், அதாவது 18 சரியாக இருந்தால் சரி. தமிழிலேயே எழுதலாம். தமிழ்ப் பாடப் புத்தகத்தின் தமிழ்தான் கொஞ்சம் மிரட்டும்! இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட விருப்பமில்லை. எல்லாக் கம்பெனி பாலிசியையும் ஒப்பிட்டு விற்கும் சுதந்திர ஏஜென்ட் ஆக முடியுமா?
- வாசகர், திருப்பூர்

ஏஜென்ட் என்ற பெயரில் முடியாது தம்பி. நம் நாட்டில் ஒரு ஏஜென்ட் ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்றுதான் வைத்துக்கொள்ளலாம், ஒரே பிரிவில் இரண்டு கம்பெனி கூடாது. எல்லாருடையதையும் விற்கலாம் என்றால் அது புரோக்கர், அதற்கு 75 லட்சம் ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும். ஏஜென்ட் கம்பெனியின் ஆள், புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள், சட்டம் அப்படித்தான் பிரிக்கிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, பிஓஎஸ்பி, அதாவது பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன். ஒரு புரோக்கர் கம்பெனியின் கீழ் பதிவு செய்து, 15 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வும் முடித்தால், அவர்கள் வைத்திருக்கும் பல கம்பெனி பாலிசிகளில் எளிமையானவற்றை விற்கலாம். வண்டி இன்சூரன்ஸ் செய்கிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் பைக்கின் தேர்ட் பார்ட்டி பாலிசியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, கமிஷன் சொற்பம், வருடத்துக்கு வருடம் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அது அறிமுகத்துக்கு நல்லது. பைக் பாலிசிக்கு வந்தவரிடம் வீட்டில் மெடிக்ளைம் இருக்கிறதா என்று கேட்கப் பழகுங்கள். தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு முன்பு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது இல்லை. விலை அதிகம் என்று முன்பு போனவர்களைத் திரும்பப் பார்க்க அது ஒரு சாக்கு.

கேள்வி: புதிதாக ஏஜென்ட் ஆனேன். வாடிக்கையாளருக்குச் சுகர் இருப்பதை எழுதினால் பிரீமியம் ஏறும், பாலிசியே வராமலும் போகலாம், விட்டுவிடு என்கிறார் சீனியர். என்ன செய்ய?
- வாசகர், விருதுநகர்

எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், பிரபோசல், அதாவது பாலிசி விண்ணப்பம், பூர்த்தி செய்யும்போது அவராகவே ‘எனக்கு சுகர் இருக்கே தம்பி, மாத்திரை போடறேனே’ என்றார். எனக்கு அந்த மாத டார்கெட். ‘அதெல்லாம் எழுத வேண்டாம்ணே, யாருக்குத்தான் சுகர் இல்ல’ என்று சொல்லி இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பதினான்காவது மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கம்பெனி ஆஸ்பத்திரி ரெக்கார்டை எடுத்தது, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அவர் மனைவி, அந்த அக்கா, என்னிடம் சண்டைகூடப் போடவில்லை, ‘நீங்கதானே தம்பி எழுதினீங்க’ என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்தத் தெரு வழியாகப் போவதை ஒரு வருடம் தவிர்த்தேன்.

மூன்று வருடம் ஓடிவிட்டால் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது, உங்கள் சீனியர் அதை நம்பித்தான் பேசுகிறார். அந்த மூன்று வருடத்துக்குள் சாகமாட்டார் என்று அவர் எழுதிக் கொடுப்பாரா? பிரீமியம் ஏறினால் ஏறட்டும். படிவத்தை நீங்களே பூர்த்தி செய்தாலும் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: சித்தப்பா ஐந்து லட்சத்துக்குப் பாலிசி போடுகிறேன் என்கிறார், ஆனால் முதல் வருடக் கமிஷனில் பாதியைத் திருப்பித் தர வேண்டுமாம். எல்லாரும் தருகிறார்களாமே?
- வாசகி, ஈரோடு

நிறையப் பேர் தருகிறார்கள், ஒளிப்பானேன். முதல் தவணையைக் கைக்காசு போட்டுக் கட்டும் ஏஜென்டுகளையும் பார்த்திருக்கிறேன். காப்பீட்டுச் சட்டம் 41-வது பிரிவின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், சித்தப்பாவுக்குக் கொடுத்த சேதி அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியிலேயே மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் போய்விடும், அப்புறம் உங்கள் கமிஷனுக்கு நிரந்தர விலை பாதிதான். பாதி கொடுத்துப் பிடித்த பாலிசிகள்தான் என்னிடம் அதிகம் லாப்ஸ் ஆயின, ஏனென்றால் அடுத்த வருடம் திரும்பக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது.

‘சித்தப்பா, காசு தர முடியாது. ரெனியூவல் தேதியை நான் ஞாபகப்படுத்துவேன், நாளைக்கு ஏதாவது ஆனால் கிளெய்ம் பேப்பரை நானே தூக்கிக்கொண்டு அலைவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் பாதிதான் வேண்டும் என்றால் வேறு ஏஜென்டிடம் போகட்டும், தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.