நடைபாதையில் குதிரை வந்தால்: கேள்வி பதில்

மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் குதிரைச் சவாரி செய்பவர்களும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். குதிரைகளுக்கும் சவாரி பழகுபவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அடையாறு வாசகர்): சைக்கிளில் போகும்போது முன்னால் குதிரை போனால் பெல் அடிப்பதா, சத்தமில்லாமல் ஓரமாகக் கடந்துவிடுவதா?

சத்தமில்லாமல் கடப்பதுதான் பெரிய ஆபத்து. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னால், மிக அருகில் இருப்பதும் தெரியாது. மேய்ந்து வாழும் பிராணி. பின்னாலிருந்து ஓசையின்றி விரைந்து வருவது எதுவானாலும் தன்னைக் கொல்ல வருகிறது என்றுதான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். நின்று யோசிக்காது. பாயும், அல்லது உதைக்கும்.

பெல்லைக் காதருகே திடீரென்று அடித்தாலும் இதே கதைதான். இருபது முப்பது அடி பின்னால் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, “அண்ணா, வலப்பக்கம் வருகிறேன்” என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் அதற்குப் பழக்கமானது. பிறகு காதைப் பாருங்கள். ஒரு காது மட்டும் மெல்ல உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் வருவது அதற்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். இரண்டு காதுகளும் பிடரியோடு ஒட்டினாற்போல் படிந்துகிடந்தால் அது கோபம். கடக்காதீர்கள், சவாரி செய்பவர் ஒதுங்கட்டும். கடக்கும்போது 2 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். கடந்ததும் குதிரையின் மூக்குக்கு நேராகக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டாம்.

கேள்வி (திருவல்லிக்கேணி வாசகி): ஆறு வயது மகள் மெரினாவில் குதிரை ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஏற்றலாமா?

ஏற்றலாம் அம்மா. ஆனால் பணம் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் குதிரையைப் பாருங்கள். விலா எலும்புகளை எண்ண முடிகிறதா? சேணத்துக்கு அடியில், முதுகிலும் பிடரி முடியும் இடத்திலும், புண் இருக்கிறதா? சேணத்துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதில் தவறே இல்லை. நடக்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் தலை மேலே எழும்பி எழும்பி இறங்கினால் முன்னங்காலில் வலி இருக்கிறது. வலியுள்ள கால் தரையில் படும்போது தலையைத் தூக்கி அந்தக் காலின் பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட குதிரையில் யாரும் ஏறக் கூடாது. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது. புண்ணைக் காட்டி, இதனால்தான் வேண்டாம் என்று குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். பலர் சொன்னால்தான் மருந்து போடப்படும்.

அடுத்து அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி வளையம். சின்னக் குழந்தைகளின் கால் அங்கவடிக்கு எட்டாதபோது, அது தொங்கும் தோல்வாருக்குள் பாதத்தை நுழைத்துவிடுகிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். குழந்தை சரிந்தால் கால் வாரில் சிக்கிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். கால் எட்டாவிட்டால் சும்மா தொங்கட்டும்; நீங்கள் பக்கத்தில் நடந்து தொடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கயிறு குதிரைக்காரரின் கையில் இருக்க வேண்டும், பின்னால் ஏறி உட்கார்ந்து விரட்டுவது கூடாது. ஹெல்மெட் அங்கே கிடைக்காது. சைக்கிள் ஹெல்மெட்டாவது வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

கேள்வி: நாயை நடக்க அழைத்துப் போகிறேன். குதிரை வந்தால்?

வாரைச் சுருக்கிப் பிடித்து, நாய்க்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். நாய் குரைத்தாலும் பெரிய கேடில்லை. குதிரையின் பின்னங்கால் பக்கம் அது ஓடிவிடக் கூடாது.

கேள்வி (நீலாங்கரை வாசகர்): சவாரி பழகி நாலு மாதம் ஆகிறது. எப்போது பொதுப் பாதையில் குதிரையைக் கொண்டுபோகலாம்?

மாதக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. பயிற்சி மைதானத்தில், குதிரை மிரண்ட நிலையிலும், அதை ஒற்றைக் கடிவாள வாரால் வட்டமாகத் திருப்பி நிறுத்த உங்களால் முடிகிறதா? இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் மிரண்ட குதிரை அதை எதிர்த்து இன்னும் வேகமாக ஓடும். தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் நேராக ஓடும் விசை குறைந்துவிடும். இது கைக்குப் பழகிய பிறகு, அனுபவமுள்ள ஒருவரின் நிதானமான குதிரைக்குப் பின்னால் உங்கள் குதிரையை ஓட்டிப் போங்கள்.

பாதையில் மனிதர்கள் கண்ணுக்குத் தெரியும்போதெல்லாம் நடை மட்டும்தான். நாலுகால் பாய்ச்சல் காலியான மணலுக்கு. ஆள் குறுக்கே வந்தபின் நிறுத்தப் பார்ப்பவர் சவாரிக்காரரே இல்லை என்று என் மாணவர்களிடம் சொல்வேன். நடப்பவர் பயந்து ஒதுங்கினால் நின்று, “பயப்படாதீர்கள், நீங்கள் போன பிறகு வருகிறேன்” என்று சொல்லுங்கள். பாதை பொதுச் சொத்து. குதிரைமேல் இருப்பவருக்கு உயரம் அதிகம் என்பதால் உரிமை அதிகமாகிவிடாது. நம் பொறுப்புதான் அதிகம்.

கேள்வி: சாணத்தை யார் அள்ளுவது?

சவாரி செய்பவர். சாக்குப்பையும் கைமண்வெட்டியும் கூட வர வேண்டும். உடனே இறங்க முடியாவிட்டால் திரும்பும்போது அள்ள வேண்டும். புல்லும் கொள்ளும் செரித்த சாணம்தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். குதிரைச் சாணத்தில் ரணஜன்னி எனும் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் எத்தனை பேர்! காலில் காயம் பட்டால் டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று சொல்லி, மருத்துவரிடம் காயத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): மகன் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறான். அங்கே பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கி, குதிரைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்களாம். அங்கே என்ன முறை?

அத்தகைய பாதைகளில் பொதுவான முறை எளியது: சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இரண்டு பேரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். எளிதில் மிரள்வதும், மிரண்டால் அதிகச் சேதம் விளைவிப்பதும் குதிரை என்பதே காரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிள்காரருக்கு இது சட்டமாகவே இருக்கிறது. குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம், நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்கிறது. சரிவான இடத்தில் குதிரை எதிரே வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கச் சொல்லுங்கள் உங்கள் மகனை. மேட்டில் நிற்கும் உருவத்தைக் கண்டால் குதிரைக்கு அச்சம் அதிகம்.

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் சவாரி செய்யலாமா?

விடியற்காலையில் செய்யலாம். வெயில் ஏறிய பிறகு செய்யவே கூடாது. குதிரை நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, சூடும் இறங்காது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. சவாரிக் குதிரைக்கும் அதே உடம்புதான். நின்ற பிறகும் மூச்சு தணியாமல் விலா அடித்துக்கொண்டிருந்தால் சேணத்தை இறக்கி, நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குடிக்கவும் கொடுங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: கடற்கரைக் குதிரைக்குக் கேரட் கொடுக்கலாமா? குழந்தைகள் சுண்டலும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள்.

குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு, கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். சுண்டல், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலியாக முற்றி உயிரையே எடுத்துவிடும். மணலில் எதையும் போடாதீர்கள். தீனியோடு போகும் மணல் குடலில் தங்கிவிடும்.

கேள்வி: ஆற்றங்கரைகளில் புதிய நடைபாதைகள் போடும்போது குதிரைக்கும் இடம் கேட்கலாமா?

கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் கான்கிரீட் பாதையில் பங்கு கேட்காதீர்கள். லாடம் அடித்த குளம்பு அதில் வழுக்கும், மூட்டுகளும் தேயும். பக்கத்திலேயே அடித்துச் சமன்செய்த மண்பாதை, நடுவில் ஒரு வரிசைச் செடி, இவ்வளவு போதும். அகலம் இல்லாத இடங்களில் குதிரையே வேண்டாம் என்று நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும் முன்னிறுத்துகிறது. அவர்களோடு சேர்ந்து போய்க் கேட்டால்தான் காது கொடுப்பார்கள். வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கும்போது சாணம் அள்ளும் ஏற்பாட்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முதல் ஆட்சேபணை அங்கிருந்துதான் வரும்.