என்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதே?

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் பேச எழுந்தபோது நாக்குக் குழறிவிட்டது. அன்று முதல் யாரிடம் பேசினாலும், அறைக்குத் திரும்பிய பிறகு 'ஏன் அப்படிச் சொன்னோம்' என்ற யோசனையே இரவெல்லாம் ஓடுகிறது. பிரிவில் உள்ளவர்கள் டீ குடிக்கப் போகும்போது என்னை அழைப்பதில்லை. யூடியூபில் சொல்வதுபோல் கண்ணைப் பார்த்துப் பேசுவது, பெயரை அடிக்கடி சொல்வது, எதிரில் இருப்பவரைப் போலவே உட்காருவது எல்லாம் செய்து பார்த்தேன், நடிப்பதுபோல் இருக்கிறது. என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. முதல் அபிப்பிராயம் கெட்டால் கெட்டதுதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நாக்குக் குழறியதும், டீக்கு அழைக்காததும் நடந்தவை. 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்பது அவற்றை வைத்து நீங்களே செய்துகொண்ட ஊகம். பிரிவில் ஒருவராவது அப்படிச் சொன்னதாகவோ, முகம் சுளித்ததாகவோ உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனவே அந்த ஊகம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை முதலில் பார்ப்போம். உளவியலாளர்கள் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எரிகா பூத்பி, கஸ் கூனி, ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், மார்கரெட் கிளார்க் ஆகிய நால்வர் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இருவரைச் சிறிது நேரம் பேசவிட்டு, பிறகு இருவரிடமும் தனித்தனியே, எதிரில் இருந்தவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டார்கள். மற்றவருக்குத் தங்களை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ, அதைவிடக் குறைவாகவே பெரும்பாலானோர் மதிப்பிட்டிருந்தார்கள்; கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. அந்த உரையாடல்களின் ஒளிப்பதிவைப் பார்த்த வெளியாட்களால், எதிரில் இருப்பவர் காட்டிய சிரிப்பையும் ஆர்வத்தையும் எளிதாகக் கண்டுகொள்ள முடிந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடையாளங்கள் கண்ணெதிரேயே இருந்தும், பேசிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் அவை எட்டவில்லை. அவருடைய கவனம் முழுவதும், தான் சொன்னது சரியா, சொல்லாமல் விட்டது என்ன என்ற உள்விசாரணையிலேயே செலவாகிவிட்டது. நீங்கள் இரவில் நடத்துவதும் அந்த விசாரணையைத்தான். அதில் உங்கள் தரப்புக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

ஐந்து மாதம் ஆகியும் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். அதே ஆய்வில், விடுதியில் ஒன்றாகத் தங்கியிருந்த முதலாண்டு மாணவர்களிடமும் இதே கேள்விகள் கல்வியாண்டு முழுவதும் அவ்வப்போது கேட்கப்பட்டன. தினமும் முகம் பார்க்கும் அவர்களிடமும் இந்த இடைவெளி பல மாதங்கள் நீடித்து, ஆண்டின் இறுதியில்தான் மறைந்தது.

தவறான ஊகம் தவறாகவே நின்றுவிட்டால் கேடு அதிகமில்லை. அது தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளக்கூடும் என்பதுதான் கவலை. ரெபெக்கா கர்ட்டிஸ், கிம் மில்லர் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற இருவரைச் சிறிது நேரம் பழகவிட்டுப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரிடம் மட்டும், 'மற்றவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ சொல்லிவிட்டு, இருவரையும் மீண்டும் சந்திக்கவைத்தார்கள். சொன்னது வெறும் கட்டுக்கதை. ஆனாலும், பிடிக்கவில்லை என்று நம்பவைக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றிக் குறைவாகப் பேசினார்கள், அதிகமாக மறுத்துப் பேசினார்கள், குரலிலும் ஒட்டுதல் இல்லை. அதைக் கண்ட மற்றவருக்கு அவர்களை உண்மையிலேயே குறைவாகப் பிடித்தது. பிடித்திருப்பதாக நம்பியவர்களுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. இருவகையினருக்கும் இடையே அழகிலோ, அறிவிலோ, பேச்சுத்திறனிலோ வேறுபாடு எதையும் ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை. காதில் போட்ட ஒரு வாக்கியம் மட்டுமே வேறு. உங்கள் காதில் அந்த வாக்கியத்தைப் போட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி முதல் நாளைப் பற்றி. முதல் அபிப்பிராயம் மிக விரைவில் உருவாகிறது என்பது உண்மைதான். ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே மனிதர்கள் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள் என்று ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடொரோவும் 2006-இல் காட்டினார்கள். ஆனால் ஒருவர் செய்த சிறு பிசகு மற்றவர் மனத்தில் பதிகிறதா என்பது வேறு கேள்வி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும், மாணவர்கள் அணியக் கூச்சப்படும்படியாக ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அணிந்தவர்கள் அறையில் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். இது 2000-இல் வெளியான ஆய்வு. அறிமுகக் கூட்டத்தில் உங்களுக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அவரவர் முறை வருவதற்கு முன்னால், தான் என்ன பேசுவது என்ற பதற்றத்தில் எவரும் எதையும் கேட்பதில்லை.

மேலும், முதல் அபிப்பிராயம் முழுவதும் நம் கையில் இருப்பதும் அல்ல. ஹெரால்ட் கெல்லி 1950-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் வகுப்பு ஒன்றுக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வருவதற்குமுன், அவரைப் பற்றிய சிறு குறிப்பு மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. சிலருடைய தாளில் அவர் மிகவும் கனிவானவர் என்றும், மற்றவர்களுடைய தாளில் அவர் சற்றே ஒட்டாதவர் என்றும் இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் ஒன்றே. ஒரே மனிதர், ஒரே வகுப்பு. ஆயினும் கனிவானவர் என்று படித்தவர்களில் 56 விழுக்காட்டினர் அவரோடு விவாதத்தில் கலந்துகொண்டார்கள். மற்றவர்களில் 32 விழுக்காட்டினர்தான். அந்த ஆசிரியரின் எந்தச் சாமர்த்தியமும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமல்ல.

யூடியூப் உத்திகளை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எதிரில் இருப்பவரின் அசைவுகளைப் பின்பற்றினால் பிடித்துப்போகும் என்பதற்கு 1999-இல் சார்ட்ராண்ட், பார்ஜ் ஆகியோர் செய்த ஆய்வில் ஆதாரம் உண்டு. ஆனால் அங்கே அப்படிச் செய்தவர்கள் அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள். நம்மிடையே அது பெரும்பாலும் தன்னறியாமல் நடப்பது. கால்மேல் கால் போடுவதா வேண்டாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் சொல்வது நம் காதில் விழாது. பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்கா, அண்ணா, சார் என்று அழைத்துப் பழகிய அலுவலகத்தில், வாக்கியத்துக்கு ஒருமுறை பெயரைச் சொன்னால் ஏதோ விற்க வந்திருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். அதிகம் கேள்வி கேட்பவர்களை, குறிப்பாக எதிரில் இருப்பவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர்களை மனிதர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் அவருடைய சகாக்களும் 2017-இல் காட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால், மறுநாள் 'காய்ச்சல் விட்டதா' என்று கேட்பது அந்த வகை. 'எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு' என்று நம் அலுவலகங்களில் சாதியை மோப்பம் பிடிக்கக் கேட்கும் கேள்விகளை நான் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

டீ விஷயத்துக்கு வருகிறேன். அழைக்காமல் போவதற்கு வெறுப்பு வேண்டியதில்லை, பழக்கம் போதும். எம்.ஐ.டி. குடியிருப்பு ஒன்றில் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாடியில் அடுத்த வீட்டில் இருந்தவர்களை 41 விழுக்காட்டினர் நண்பர்களாகக் குறிப்பிட்டார்கள். கடைக்கோடி வீட்டில் இருந்தவர்களைக் குறிப்பிட்டவர்கள் 10 விழுக்காட்டினர்தான். நட்பின் பெரும்பகுதி யார் எங்கே உட்கார்கிறார், யார் யாரை அடிக்கடி கடந்து போகிறார் என்பதில் தீர்மானமாகிறது. எனவே அழைப்புக்குக் காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் பழகிய ஒருவர் எழும்போது, 'நானும் வருகிறேன்' என்று சொல்லிக் கூடவே நடங்கள். அங்கே போய் நகைச்சுவையாகப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்தில் சில நாட்கள் இப்படிப் போய் நின்றாலே, ஒரு மாதத்தில் நீங்கள் வராத நாளன்று 'எங்கே காணோம்' என்று யாராவது கேட்பார்கள். ஒருவேளை, அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு உங்களை ஏற்கெனவே பிடிக்காமல் இருந்தால், அவர் கண்ணில் அடிக்கடி படுவது அவருடைய எண்ணத்தை மாற்றாது. சிலசமயம் கடுமையாக்கவும் கூடும். அவரை விட்டுவிட்டு மற்றவர்களோடு பழகுங்கள்.

உறக்கம் கெடுவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசியதையே நினைத்துப் பல வாரங்களாக உறக்கம் கலைகிறது, அல்லது ஆட்களைச் சந்திக்கப் பயந்து வேலைக்கு விடுப்பு எடுக்கத் தோன்றுகிறது என்றால், அது பழக்கவழக்கத்தால் மட்டும் தீர்வதல்ல. மனநல மருத்துவரையோ, ஆலோசகரையோ பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.