90,000 ரூபாயில் வீட்டு ஜிம்: எஃப்.டி.யை உடைப்பதா, இஎம்ஐ போடுவதா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. சம்பளம் கையில் 72,000 வருகிறது, மாதச் செலவு 55,000. சேமிப்பு என்றால் 2 லட்சம் எஃப்.டி. மட்டும்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்கு லேசான மூட்டு வலி. ஜிம்மில் சேர்ந்தால் இருவருக்கும் மாதம் 3,000 ரூபாய். அதற்குப் பதில் ட்ரெட்மில் 50,000, மல்டி ஜிம் (ஒரே சட்டத்தில் பல எடைப் பயிற்சிகள் செய்யும் மெஷின்) 40,000 என்று வாங்கிவிட்டால் இரண்டரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் அல்லவா? கடையில் 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ இருக்கிறது. எஃப்.டி.யை உடைக்கலாமா, இஎம்ஐ போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உடற்பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள், 90,000 ரூபாயை மட்டும் ஒரே நாளில் அதில் போடாதீர்கள்.

எஃப்.டி. விஷயம் சுலபம். வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் 2 லட்சம் நான்கு மாதச் செலவுக்குக் கூடக் காணாது. அதைத் தொடவே கூடாது.

இஎம்ஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டில் நடப்பது இதுதான்: வங்கி வழக்கமான வட்டியைப் போடுகிறது, அதே அளவு தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகத் தருகிறது. 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 7,500 வீதம் நீங்கள் கட்டும் 90,000 ரூபாயில் சுமார் 7,300 வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 1,300 ரூபாய் சொச்சம், உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள், இஎம்ஐக்காக நீங்கள் இழக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் இரண்டரை வருடக் கணக்கு. கூட்டல் கழித்தல் சரி. ஆனால் ஜிம் பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்திவிடலாம், 3,000 ரூபாயோடு போகும். (பில்லில் ஜி.எஸ்.டி. போடும் ஜிம் என்றால், 2025 செப்டம்பரில் அந்த வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்களிடம் சொன்னது பழைய ரேட்டா என்று கேளுங்கள்.) மெஷினை நிறுத்தினால் விற்கத்தான் வேண்டும். பழைய பொருள் விற்கும் தளங்களில் ‘அதிகம் உபயோகிக்கவில்லை’ என்ற வரியோடு எத்தனை ட்ரெட்மில் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பாதி விலைக்குக் கேட்பார்கள், இறக்கும் கூலியும் உங்களுடையது. மல்டி ஜிம் இன்னும் மோசம். வீடு மாறும்போதெல்லாம் ஆள் வைத்துக் கழற்றிப் பூட்ட வேண்டும். அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சரி, என்ன வாங்கலாம்? முதலில் இரும்பு. தட்டு மாற்றிக்கொள்ளும் டம்பெல் ஒரு ஜோடி, 20 கிலோ தட்டு, ஒரு பெஞ்ச், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை (ரெசிஸ்டன்ஸ் பேண்ட்) இரண்டு, கீழே விரிக்க ஒரு ரப்பர் மேட். எல்லாம் 15,000 ரூபாய்க்குள் அடங்கும். மலிவான பிவிசி தட்டுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் சிமென்ட் கலவை, கீழே போட்டால் விரிசல் விடும். வார்ப்பிரும்பு அல்லது ரப்பர் பூசிய தட்டு வாங்குங்கள். எடை போட்டு விற்கும் சாமான், நாளை விற்றாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை கிடைக்கும். நடைக்கு ஷூவைத் தவிர வேறு செலவில்லை.

இஎம்ஐயாகக் கட்டத் தயாராக இருந்தீர்களே, அந்த 7,500. முதல் இரண்டு மாதத் தொகையில் மேலே சொன்னதை வாங்குங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து வங்கியில் ஆறு மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். முடியும்போது 45,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அதுவரை வாரத்தில் நான்கு நாளாவது நடந்திருந்தால் ட்ரெட்மில் கடைக்குப் போங்கள்.

கடையில் ‘3 எச்.பி.’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது மோட்டார் சற்று நேரம் மட்டும் தொடும் பீக் எச்.பி.யா, தொடர்ந்து ஓடும் எச்.பி.யா என்று கேளுங்கள். பின்னதுதான் முக்கியம். ஏறி நின்று மெதுவான வேகத்தில் நடந்து பாருங்கள், கால் பதியும்போது பெல்ட் ஒரு நொடி தயங்கினால் அந்த மாடல் வேண்டாம். வாரண்டியில் மோட்டாருக்கு எத்தனை வருடம், போர்டுக்கும் சர்வீஸ் கூலிக்கும் எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்து சொரசொரவென்று இருந்தால் சிலிகான் எண்ணெய் பார்த்தே வெகுநாள் ஆகியிருக்கும். கரண்ட் பில் பெரிய விஷயமில்லை, தினம் அரை மணி நேர நடைக்கு இரண்டு மாதத்தில் 20 யூனிட் போல ஆகும். ஆனால் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடு என்றால் அந்த 20 யூனிட் உங்களை மேல் ஸ்லாபுக்குத் தள்ளிவிடும்.

ஒன்று விட்டுப்போனது, உங்கள் மனைவியின் மூட்டு. ட்ரெட்மில்லை விட உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் அவருக்குத் தோதாக இருக்கலாம். விலையும் குறைவு, காந்தத்தால் மிதியை இறுக்கும் மாடல்களில் ட்ரெட்மில் போல ஓட்டும் மோட்டார் கிடையாது. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு, ஆர்.டி. பணத்தில் ட்ரெட்மில்லா சைக்கிளா என்று இருவரும் முடிவு செய்யுங்கள்.