ஸ்கிராபிளில் யூ இல்லாத க்யூ சொற்களை எப்படி நினைவில் வைப்பது?

எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் க்யூ கைக்கு வந்துவிடுகிறது, யூ வருவதில்லை, கடைசிவரை அந்த டைலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான தொல்லைதான். நூறு டைல்களில் யூ நான்குதான்.

முதலில் க்யூ, ஐ என்ற இரண்டெழுத்துச் சொல். சீன மருத்துவம் பேசும் உயிர்ச்சக்தி, உச்சரிப்பு 'சீ'. ஆட்டத்தில் செல்லும் சொற்களின் அமெரிக்கப் பட்டியலிலேயே 2006இல்தான் ஏறியது. ஐ ஒன்பது இருப்பதால் இது எப்படியும் அமையும். மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்து, வலப்பக்கமும் கீழேயும் ஐ இருந்தால் 62 புள்ளி!

மற்றவற்றுக்குப் பட்டியலை உருப்போட வேண்டாம். நம் சேலத்துக்காரர்களுக்கு அவற்றில் பாதி ஏற்கனவே தெரியும். பக்கீர், தலாக், புர்கா, கவ்வாலி, வக்ஃபு எல்லாமே யூ ஒட்டாத க்யூவோடு ஆங்கிலத்தில் செல்லும். அரபியில் தொண்டை அடியிலிருந்து வரும் ஒரு 'க' உண்டு. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் தனி க்யூ போடுகிறார்கள். சாதாரண 'க' வேறு எழுத்து. அதனால் கபாபுக்கு க்யூ போட்டால் எதிராளி விடமாட்டார். பரோட்டாவுக்கு ஊற்றும் குருமா சேரும். ஆனால் நாம் சொல்கிற பழக்கத்தில் யூவைத் தேடாதீர்கள், க்யூவுக்கு அடுத்தது ஓ.

ஏற்காட்டில் ஒரு மே மாதம், மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குள்ளேயே ஆடினோம். பலகையில் கிடந்த எஃப்புக்கு முன்னால் டபிள்யூ, ஏ, க்யூ என்று தங்கச்சி அடுக்கினாள். வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யூ எங்கேம்மா?" என்றார்.

"கோட்டைப் பக்கம் போர்டுல பார்த்ததில்லையா பெரியப்பா? வக்ஃபு!"

"அது நம்ம ஊர் சொல்லும்மா, இங்கிலீஷ்ல எப்படிச் செல்லும்?"

காலின்ஸ் அகராதிக்காரர்களின் ஸ்கிராபிள் சொற்பட்டியலில் இருக்கிறது. வெறும் கட்டங்களில் 19, இரட்டைச் சொல் கட்டம் சேர்ந்தால் 38. பெரியப்பா அன்றைக்கு வேறு எதற்கும் ஆட்சேபணை சொல்லவில்லை.

இந்த வழியில் பிடிபடாதவை சில உண்டு. ஏமனில் மெல்லும் இலை: க்யூ, ஏ, டி. ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய்: க்யூ, ஏ, என், ஏ, டி. ஹீப்ரு எழுத்தொன்றின் பெயர்: க்யூ, ஓ, பி, எச். அப்புறம் கீபோர்டின் மேல் எழுத்து வரிசையில் முதல் ஆறெழுத்து அப்படியே ஒரு சொல். எனக்கு அது ஒருமுறைகூட அமைந்ததில்லை.

எந்த அகராதி என்பதை உட்காரும்போதே பேசிவிடுங்கள். இந்தியப் போட்டிகளில் காலின்ஸ்தான். வீட்டில் அப்படியொரு ஒப்பந்தம் இல்லையென்றால், குருமாவை வைத்த பிறகு சண்டை நிச்சயம்.

ஆட்டம் முடியும்போது க்யூ உங்களிடமே தங்கினால் உங்களுக்குப் பத்து குறையும், முடித்தவருக்குப் பத்து கூடும்; ஆக இருபது வித்தியாசம். இடையில் ஐ, ஏ எத்தனை இறங்கிவிட்டன என்று பலகையைப் பார்த்து எண்ணுங்கள். வாய்ப்பு மங்கினால் சொல் வைக்கும் உங்கள் முறை ஒன்றை விட்டுக்கொடுத்து, க்யூவைப் பையில் போட்டு வேறு டைல் மாற்றிக்கொள்ளுங்கள். பையில் ஏழு டைலுக்குக் கீழே போய்விட்டால் மாற்றவும் விடமாட்டார்கள்.