முன்பணம் கட்டுவதற்கு முன் மகளின் மடிக்கணினியைப் பாருங்கள்

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகளுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 160-ஐ ஒட்டி வருகிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் இடம் இருக்கிறதாம். மைத்துனர் இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். மகளோ எந்நேரமும் மேப்பை வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருக்கிறாராம். "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று எழுதிவிடலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறவருக்கு அது பதிலாகாது.

மகளிடம் பேசினேன், அவர் நோண்டுவதையும் பார்த்தேன். கீவ் நகரைச் சேர்ந்த வொலொதிமிர் அகாஃபோன்கின் 2011-ல் வெளியிட்ட லீஃப்லெட் என்ற, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் திறந்தமூல ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு, தம் ஒன்றியத்துக் கண்மாய்களை வரைபடத்தில் குறித்து வருகிறார். வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால் லீஃப்லெட் 'கிளிக்' என்ற நிகழ்வை எழுப்பும். அந்த நிகழ்வுக்காக 'ஆன்' என்ற கட்டளை மூலம் முன்கூட்டியே பதிந்துவைத்த ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை), அதாவது கால்பேக்கை, அது அழைத்து, தொட்ட இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் கையில் கொடுக்கும். அவர் எழுதிய நிரலில் ஒரு கோளாறு வந்திருக்கிறது: பட்டியலில் மூன்றாவது ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஒருமுறை தொட்டால் ஒரே கண்மாய் மூன்று முறை பதிவானது. ஊரை மாற்றும்போதெல்லாம் புதிதாக ஒரு லிசனர், அதாவது அப்படிப் பதிந்துவைத்த ஃபங்ஷன், சேர்ந்துகொண்டே போனதுதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். பதிந்ததை நீக்கும் 'ஆஃப்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தும் பழையது விலகவில்லை. பெயரில்லாத ஃபங்ஷனை மறுபடி எழுதிக் கொடுத்தால் லீஃப்லெட்டுக்கு அது வேறொரு ஃபங்ஷன். பெயர் வைத்து, அதே ஃபங்ஷனை 'ஆன்', 'ஆஃப்' இரண்டிலும் கொடுத்த பிறகே சரியானது. இன்னொன்றும் செய்திருக்கிறார்: வரைபடத்தை நகர்த்தும் ஒவ்வொரு கணமும் எழும் 'மூவ்' நிகழ்வை விட்டுவிட்டு, நகர்த்தி முடிந்ததும் ஒருமுறை மட்டும் எழும் 'மூவ்எண்ட்' நிகழ்வில் கண்மாய் விவரங்களை ஏற்றுகிறார், மலிவான கைப்பேசியிலும் திணறாமல் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. இதை யாரும் சொல்லித்தரவில்லை. மைத்துனர் இதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கணினி அறிவியல், பி.சி.ஏ., தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள்; நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது பி.எஸ்சி. புவியியல். வாத்தியார் வேலைக்கான படிப்பு என்று உறவினர்கள் முகம் சுளிக்கும் இந்தப் படிப்பில்தான் நிலவரைபடவியல், தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்வது), புவித்தகவல் அமைப்பு (இடம் சார்ந்த தரவுகளைக் கணினி வரைபடத்தில் கையாள்வது) மூன்றும் பாடமாக வருகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் இத்துறை நெடுங்காலமாக இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சென்னையில் தங்கும் செலவைச் சேர்த்தாலும் நிர்வாக ஒதுக்கீட்டின் பக்கத்தில்கூட வராது. இஸ்ரோவின் கீழுள்ள டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமின்றிப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. சேரும் தகுதியைப் பார்த்து, படிக்கும்போதே அவற்றில் சேரலாம். முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறை இருக்கிறது. பொறியியல் முதுநிலைக்கான கேட் (GATE) தேர்விலும் 2022 முதல் ஜியோமேடிக்ஸ், அதாவது நில அளவை, வரைபடத் தரவு சார்ந்த பொறியியல், தனித் தாளாக உள்ளது. வரைபடத் தரவுகளைத் தயாரிக்கவும் பயன்படுத்தவும் இந்திய நிறுவனங்களுக்கு இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் பெருமளவு தளர்த்தியது. நிலவரைபடமும் தெரிந்து, அதை இணையத்தில் இயங்க வைக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு என்பதே என் கணிப்பு. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (புவித்தகவலியல்) படிப்பும் உண்டு, ஆனால் இந்தக் கட்-ஆஃபுக்கு அது எட்டுவது கடினம், ஆகையால் அதைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். புவியியல் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்குத் தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டைக் கைவிடாமல் மூன்று ஆண்டும் தொடர்ந்தால்தான் இந்த வழி பலன் தரும்.

கடன் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றுதான் வங்கியில் முதலில் சொல்வார்கள். அந்தக் காலம் முழுவதும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் நீங்களே கேட்டு, படிப்பு முடியும் நாளில் நிற்கும் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பார்கள். இருப்பது ஒரே வீடு, இளையவன் இன்னும் பள்ளியில் படிக்கிறான், மகளுக்கோ அந்தப் பிரிவில் விருப்பமில்லை. மூன்றும் சேர்ந்திருக்கும் வீட்டில் அந்தப் பத்திரம் பீரோவைவிட்டு வெளியே வரக்கூடாது.

இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டாம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் புவியியலை முதல் விருப்பமாகக் குறியுங்கள். கூடவே பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்து வையுங்கள். அரசு ஒதுக்கீட்டில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மைத்துனருக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால் என் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.