கேஸ்கட் மாற்றியும் நிற்காத இன்டேக் கசிவு

காட்பாடியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் விமானப் பராமரிப்பில் பயிற்சி பெற்றுவருகிறார். அவர் கவனிக்கும் செஸ்னா 172 விமானத்தின் லைகமிங் ஓ-320 எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது, நடுங்குகிறது. த்ராட்டிலைக் கூட்டினால் சீராகிவிடுகிறது. மூன்றாவது சிலிண்டரில், காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே செல்லும் இன்டேக் குழாய் சேருமிடத்தில் நீலக் கறை படிகிறது. இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றியும் பயனில்லாததால், சிலிக்கான் பசை தடவலாமா என்று கேட்கிறார்.

தடவக் கூடாது. பெட்ரோலில் ஊறும் பசை பிய்ந்து சிலிண்டருக்குள் போகும், கசிவும் நிற்காது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காற்றுக் கசிவையே காட்டுகின்றன. வேலூரில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 29 அங்குலப் பாதரசம். ஐடிலில் இன்டேக் குழாய்க்குள் இருப்பதோ 10 முதல் 12 அங்குலம்தான் என்பதால், சிறு இடைவெளி வழியாகவும் காற்று உள்ளே பாய்ந்து அந்த ஒரு சிலிண்டரின் கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் குறைத்து மெலியவைக்கிறது. த்ராட்டில் முழுதும் திறந்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். நீலக் கறை 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோலின் சாயம். மார்கழிக் காலையில் நடுக்கம் கூடுவதும், அக்னி நட்சத்திர வெயிலில் குறைவதும் உண்டு. வெயிலில் குறைந்தது என்பதற்காகக் கசிவு அடைபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். ஐடில் கலவைத் திருகைத் திருப்பி, பெட்ரோலைக் கூட்டி நடுக்கத்தை மறைத்தால், மற்ற மூன்று சிலிண்டர்களின் பிளக்குகளில் கரியும் ஈயமும் படியும்.

இரண்டு கேஸ்கட்டும் தோற்றுப்போனதால், குறை பெரும்பாலும் குழாயின் ஃபிளாஞ்சில்தான், அதாவது போல்ட் மாட்டும் தட்டையான முனையில்தான், இருக்கும். யாரோ போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால், ஃபிளாஞ்சில் போல்ட் நுழையும் இரு காதுகளும் சிலிண்டர் பக்கம் வளைந்திருக்கும். குழாயைக் கழற்றியதும் இன்டேக் துளையைச் சுத்தமான துணியால் அடைத்து, பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் இரும்பு பிரஷ் படக் கூடாது. பிறகு தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, ஃபிளாஞ்சை அழுத்தாமல் நாலு சுற்று தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். காதுகள் மட்டும் பளபளத்து, துளையைச் சுற்றிய வளையம் கறுப்பாகவே இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. லேசான வளைவை மேற்பார்வைப் பொறியாளரின் ஒப்புதலோடு தேய்த்தே சமன்படுத்தலாம். அதிகமானால் குழாயையே மாற்ற வேண்டும்.

பொருத்தும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். கீழே ஆயில் சம்ப் (எஞ்சின் எண்ணெய்த் தொட்டி) பக்கம் குழாயை இணைக்கும் ரப்பர் ஹோஸின் கிளாம்புகளை முதலில் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் குழாய் சாய்வாக இழுபட்டு, புதுக் கேஸ்கட்டின் ஒரு ஓரம் தூக்கியபடியே நிற்கும். ஃபிளாஞ்ச் தானாகப் படிந்த பின், இரு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கையேட்டில் உங்கள் எஞ்சினுக்குக் கொடுத்துள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். கிளாம்புகளைக் கடைசியில் இறுக்குங்கள். கெட்டித்துப்போன ஹோஸை அப்போதே மாற்றிவிடுங்கள், அதுவும் இதே போலக் கசியும்.

சோதிக்க, எஞ்சின் ஆறியிருக்க, பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ அணைந்தும் பெட்ரோல் வால்வு மூடியும் இருக்க, வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைக் கார்புரேட்டர் வாயில் நீண்ட குழாயால் இணைத்து, த்ராட்டிலைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், அழுத்தம் மிக அதிகம்.

எஞ்சினை ஓட்டி ஆறவிட்ட பின் டார்க்கை மறுபடி பாருங்கள். பணியைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டியவர் பி1.2 உரிமம் பெற்ற பொறியாளர். எஞ்சினை ஓட்டும் முன் பழைய நீலக் கறையை முழுதும் துடைத்துவிடுங்கள், அடுத்த முறை தெரிவது புதுக் கறையா என்பது அப்போதுதான் விளங்கும்.