‘பாம்பு உறுதி’ என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். ஜூலையில் வால்பாறை போய் மலபார் குழிவிரியன் என்ற விஷப்பாம்பைப் படம் எடுக்க ஆசை. ‘பாம்பு உறுதி, அனுமதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்று ஒரு பயண ஏற்பாட்டாளர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். நம்பலாமா? என்னிடம் கிட்டே போய் எடுக்கும் 100 எம்எம் மேக்ரோ லென்ஸ்தான் இருக்கிறது. அவ்வளவு கிட்டே போகப் பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயம் நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். லென்ஸை முதலில் முடித்துவிடுவோம். அந்த மேக்ரோ லென்ஸில் முழு உருப்பெருக்கம் வேண்டுமென்றால் கேமராவைச் சுமார் 30 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லென்ஸின் நீளம் போக, நடுவில் ஒரு சாண்கூட மிஞ்சாது. குழிவிரியனின் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழி உங்கள் கைச் சூட்டை இருட்டிலும் உணரும். ஆகவே ஒன்றரை மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அதே லென்ஸில் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். முடிந்தால் 100-400 ஜூம் லென்ஸ் வாடகைக்கு எடுங்கள். செல்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். பாம்பு பெரிதாகத் தெரியவேண்டும் என்று கை தன்னால் முன்னே போய்விடும்.

இனி அந்த ‘உறுதி’. மலபார் குழிவிரியன் தேடி அலையாமல், தவளையும் பல்லியும் வரும் வழியில் காத்திருந்து பிடிக்கும். ஒரே கிளையில் நாட்கணக்கில்கூட இருக்கும். அதனால் உள்ளூர்க்காரர் ஒருவர் நேற்றுப் பார்த்த இடத்துக்கு இன்று அழைத்துப் போனால் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. சரி, ஆனால் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று பாம்பு காட்டுகிறேன் என்றால்? அது சாயங்காலமே பிடித்துப் பையில் கட்டி வைத்த பாம்பு. குளிரவைத்து மந்தமாக்கிக் கிளையில் சுற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர் முன்பு அழைத்துப்போன குழுக்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேறு வேறு பாம்பு, ஆனால் அதே கிளை, அதே பாசி என்றால் விஷயம் புரிந்துவிடும். கையில் பாம்புக் கொக்கியோடு வரும் வழிகாட்டியோடு ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். படம் எடுக்கக் கொக்கி எதற்கு? வீடுகளில் பிடித்த பாம்பைக் காட்டில் விடும் முன் ‘வாங்க, படம் எடுத்துக்கலாம்’ என்று காசுக்குக் கூப்பிடுவதும் இதே வியாபாரம்தான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். மாட்டினால் ஏற்பாட்டாளரோடு உங்கள் பெயரும், உங்கள் மெமரி கார்டும் சேர்ந்தே போகும்.

‘அனுமதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்பது இதைவிட மோசம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தத் தாளை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். ரிசார்ட் ரசீது அனுமதி ஆகாது. ‘ரேஞ்சரைத் தெரியும்’ என்பதும் ஆகாது.

ஒரு விலக்கு உண்டு. இதைத்தான் எல்லோரும் தங்களுக்கு வசதியாக வளைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வால்பாறையின் தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் எஸ்டேட்டுகள்; ஆனைமலை புலிகள் காப்பகம் அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. எஸ்டேட் நிலத்தில் நின்று படம் எடுக்க 28-ஆவது பிரிவு அனுமதி தேவைப்படாது, எஸ்டேட் நிர்வாகத்தின் சம்மதம் போதும். ஆனால் எஸ்டேட் பங்களாவில் அறை எடுத்தவருக்கு அந்தச் சம்மதம் தானாக வந்துவிடாது, தனியாகக் கேட்க வேண்டும். தேயிலை முடிந்து காடு தொடங்கும் கோட்டை டார்ச் வெளிச்சத்தில் யாரும் சரியாகக் காட்ட முடியாது, பத்தடி தாண்டினால் நீங்கள் காப்பகத்துக்குள். காட்டுக்குள் ஓடும் பொதுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் எஸ்டேட் கணக்கில் வராது. முக்கியமாக, நிலம் யாருடையதாக இருந்தாலும் பாம்பின் மேல் கைவைக்க எஸ்டேட் மேனேஜர் அனுமதி தர முடியாது.

நேர்மையாக விண்ணப்பிப்பவர் ஒவ்வொரு மேஜையாக அலைய வேண்டும். பையில் பாம்பை வைத்திருப்பவருக்கு எந்த மேஜையும் தேவையில்லை. தவளை, பாம்பு பார்க்க வருபவர்களுக்கென்று ஒரு எளிய அனுமதி முறை வைத்தால் இந்தத் தரகர்களில் பாதிப்பேர் காணாமல் போவார்கள். எத்தனை வருடம்தான் இதையே சொல்வது!

கடி விஷயத்தை ஏற்பாட்டாளர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், மூக்கு நுனி மேலே தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று காய்ந்த இலைகளுக்குள் படுத்திருக்கும். அதன் கடி சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்திருக்கிறது. கிளையில் இருக்கும் பாம்பைப் பார்த்தபடி தரையைக் கவனிக்காமல் மண்டியிடாதீர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள், எடுத்த படத்தை டாக்டரிடம் காட்டினால் போதும்.

அப்புறம், வால்பாறை இருட்டில் உங்களுக்குப் பாம்பைவிடப் பெரிய ஆபத்து யானை. பக்கத்தில் யானை நின்றால் எச்சரிக்க அங்கங்கே கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியவிடுகிறார்கள். அது எரிந்தால் அன்றைக்குக் கேமராவை மூடிவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். எஸ்டேட் வழியாக உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள். ‘பார்க்கலாம் சார், இருந்தா இருக்கும்’ என்று சொல்பவரோடு போங்கள். எடுத்த படத்தை வெளியிடும்போது இடத்தின் பெயரையும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே அந்தக் கிளையைத் தேடி இன்னொரு பை வந்துவிடும்.